நீச்சல் தெரியாத குடும்பத்துடன் பவளப்பாறை பார்க்கச் செல்வது: அந்தமானா, லட்சத்தீவா, மன்னார் வளைகுடாவா?

கேள்வி: அம்மாபேட்டைவாசி

வணக்கம். சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். நான், மனைவி, நான்காம் வகுப்புப் படிக்கும் மகள், 64 வயதாகும் அம்மா ஆகிய நால்வரும் ஒரு தீவுக்குச் சென்று, பவளப்பாறைகளையும் அவற்றைச் சுற்றி வாழும் உயிரினங்களையும் நேரில் காண வேண்டும் என்று நெடுநாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு கற்ற நீச்சல் எனக்கு உண்டு. மனைவிக்கும் மகளுக்கும் நீச்சல் தெரியாது. அம்மா இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். ஏற்காட்டுக்குப் போனால் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே அவருக்குக் குமட்டல் வந்துவிடும். மகளோ கடலாமையைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறாள். எலிஃபண்ட் பீச் என்ற பெயரைக் கேட்டதிலிருந்து அங்கே யானை உண்டா என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எந்தத் தீவு, எந்த மாதம், நீச்சல் தெரியாதவர்கள் ஸ்நார்கெலிங் (முகத்தில் மாஸ்க் அணிந்து, குழாய் வழியே மூச்சு விட்டபடி, மேற்பரப்பில் மிதந்து கடலுக்குள் பார்ப்பது) செய்யலாமா என்பவையே முதன்மையான கேள்விகள். பவளங்களுக்கும் விலங்குகளுக்கும் எங்களால் தீங்கு நேராமல் எப்படி நடந்துகொள்வது என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வோம்.

மறுமொழி: சூரமங்கலம் பயணி

வணக்கம் ஐயா. உங்கள் குடும்பத்துக்கு அந்தமான்தான் பொருந்தும் என்பது என் கருத்து. தண்ணீரின் தெளிவை மட்டும் பார்த்தால் லட்சத்தீவை மறுக்க முடியாது. அகத்தி போன்ற தீவுகளில் பவளத்திட்டு வெளிக்கடலின் அலையைத் தடுத்துவிடுவதால், உள்ளே இருக்கும் காயல் ஆழமின்றியும் அமைதியாகவும் இருக்கும். கடற்புல் மேயும் பேராமைகளையும் அங்கே காணலாம். சேலத்திலிருந்து எர்ணாகுளத்துக்கு நேரடி ரயில்களும், கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானமும் உண்டு. ஆனால் இந்தியர்களும் முன்கூட்டியே நுழைவு அனுமதி பெற வேண்டும். தங்கும் இடங்களும் குறைவு. வயதானவரை அழைத்துக்கொண்டு முதன்முறை தீவுக்குச் செல்பவர்களுக்கு மருத்துவமனை, தங்குமிடம், உணவு ஆகியவை எளிதாகக் கிடைப்பதும், கடைத்தெருவில் தமிழ் பேசுபவர்கள் இருப்பதும் பெரிய ஆறுதல் என்பதால் அந்தமானைச் சொல்கிறேன்.

ஏற்காடு விரைவு வண்டியில் இரவு சேலத்தில் ஏறினால் விடிவதற்கு முன்பே சென்னை சென்ட்ரலில் இறங்கிவிடலாம். அங்கிருந்து காலை விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேரை அடையலாம். இந்த நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அதுபோலவே 2018 முதல் ஹாவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவு ஷகீத் தீவு என்றும் அழைக்கப்படுகின்றன. முன்பதிவு செய்யும்போது இரு பெயர்களும் கண்ணில் படும், குழம்ப வேண்டாம். சென்னையிலிருந்து கப்பலும் உண்டு. ஆனால் ஏறத்தாழ மூன்று நாள் ஆகும் அந்தப் பயணத்தை உங்கள் அம்மாவுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

மாதத்தைப் பொறுத்தவரை, பள்ளிக் கோடை விடுமுறையை நம்பி மே மாதத்துக்குச் சீட்டு எடுத்துவிடாதீர்கள். மே மூன்றாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடுவது வழக்கம். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். அரையாண்டு விடுமுறையில் கூட்டமும் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். பொங்கல் விடுமுறையோடு சில நாட்கள் சேர்த்துக்கொள்வது அல்லது தேர்வு முடிந்ததும் ஏப்ரலில் புறப்படுவது, இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு செய்தியும் உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதத்தின் (கடல் நீர்மட்டத்தின்) ஏற்ற இறக்கம் மிகுதியாக இருப்பதால் நீரோட்டமும் வலுவாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அது தணிந்திருக்கும். நீச்சல் தெரியாதவர்கள் தண்ணீரில் இறங்கும் நாளை வீட்டுத் தினசரி காலண்டரைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.

எலிஃபண்ட் பீச் ஸ்வராஜ் தீவில் இருக்கிறது. காட்டு வழியே நடந்தும் போகலாம். படகுத்துறையிலிருந்து படகிலும் போகலாம். உங்கள் மகளிடம் அங்கே இப்போது யானைகள் இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். அந்தமான் காடுகளில் மரம் இழுப்பதற்காகப் பெருநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட யானைகளின் நினைவுதான் அந்தப் பெயர். கரையிலிருந்து சில அடிகளிலேயே பவளம் தொடங்குவதால் அங்கே கூட்டம் மிகுதி. நீச்சல் தெரியாதவர்களுக்கு மிதவை அங்கி அணிவித்து, மிதவை வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வழிகாட்டி ஒருவர் இழுத்துச் செல்வார். ஆகவே உங்கள் மனைவியும் மகளும் தாராளமாக இறங்கலாம். ஆனால் அந்தப் பாறைகள் 2004 ஆழிப்பேரலையிலும் 2010-இல் கடல் சூடேறிப் பவளங்கள் நிறமிழந்த பெரும் வெளிறலிலும் கடுமையாக அடிபட்டவை என்பதை அறிந்து செல்லுங்கள். விளம்பரப் படங்களில் இருக்கும் வண்ணங்களை எதிர்பார்த்துச் சென்றால், சாம்பல் நிறத்தில் உடைந்து கிடக்கும் பவளத் துண்டுகளைக் கண்டு மனம் சோர்ந்துபோவீர்கள். அவற்றுக்கு நடுவே புதிதாக வளர்ந்துவரும் கொத்துகளைத் தேடிப் பார்ப்பது என்று சென்றால் ஒரு காலைப்பொழுது போதாது.

என் விருப்பத்துக்குரியது வண்டூர் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா. 1983-இல் அமைக்கப்பட்ட இந்தப் பூங்காவில் ஜாலிபாய் தீவையும் ரெட்ஸ்கின் தீவையும் ஆண்டின் வெவ்வேறு பகுதிகளில் மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். ஒரு தீவுக்கு ஓய்வு கொடுப்பதே இதன் நோக்கம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. அடிப்பகுதியில் கண்ணாடி பதித்த படகு அங்கே உண்டு என்பதால் உங்கள் அம்மா சேலை நனையாமலே பவளத்தைப் பார்த்துவிடலாம்.

மறுமொழி: ஏற்காடு காப்பித்தோட்டம்

மேலே எழுதியிருப்பவர் இடத்தையும் காலத்தையும் விரிவாகச் சொல்லிவிட்டார். எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் பெரும்பாலோர் செலவழித்துப் போய்விட்டு எதையும் பார்க்காமல் திரும்புவது இந்த ஒன்றினால்தான். சேர்வராயன் மலையில் நாங்கள் பறவை பார்க்கப் போகும்போது, நடந்துகொண்டே இருப்பவருக்குக் குரல் மட்டும் கேட்கும், ஒரு மரத்தடியில் அசையாமல் அமர்ந்திருப்பவருக்கு முன்னால் பறவையே வந்து அமரும். கடலுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. கைகால்களை அடித்துக்கொண்டு பாறைக்குப் பாறை போகிறவர் தூரத்தில் ஓடும் வால்களை மட்டுமே காண்பார்.

ஜாலிபாய்த் தீவின் ஓரத்தில் இடுப்பளவு ஆழத்தில் மிதந்தபடி நான் பார்த்ததைச் சொல்கிறேன். பவளத்துக்குள் பாதி புதைந்திருந்த பெருஞ்சிப்பி ஒன்று, நீலமும் பச்சையுமாகப் புள்ளியிட்ட தடித்த உதடுகளை விரித்து வைத்திருந்தது. என் நிழல் அதன்மேல் விழுந்த மாத்திரத்தில் அது வாயை இழுத்து மூடிக்கொண்டது. நான் சற்றே விலகி, நிழல் அதன்மேல் படாமல், கைகளைக் கட்டிக்கொண்டு மிதந்தேன். கொஞ்ச நேரத்தில் உதடுகள் முதலில் ஒரு நூல் அளவுக்கு விலகின; பிறகு மெல்ல மெல்ல முழுவதும் விரிந்து, உள்ளே தண்ணீரை இழுக்கும் துளையும் வெளியே விடும் குழலும் தெளிவாகத் தெரிந்தன. அதே இடத்தில் இருந்தபடியே நறுக் நறுக் என்று ஓர் ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தால், அலகு போன்ற பற்களால் கிளிமீன் பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பாசிக்காக அது கடித்து விழுங்கும் பவளச் சுண்ணாம்பு, அரைபட்டு வெண்மணலாக வெளியே வருகிறது. அத்தகைய கடற்கரைகளில் நாம் காலால் அளையும் வெள்ளை மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான்.

பூப்போலத் தோன்றும் கடல் உயிரினமான கடற்சாமந்தியைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். கொட்டும் அந்த இழைகளுக்கு நடுவே கோமாளி மீன்கள் குடியிருக்கும். கூட்டத்தில் பெரியது பெண், அடுத்தது ஆண். பெண் இறந்துவிட்டால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும். அவை தம் இருப்பிடத்தை விட்டு ஓடாதவை என்பதால் குழந்தைகள் பார்ப்பதற்கு இவற்றைவிட ஏற்ற மீன் இல்லை. பயந்து ஒளிந்தவை கூட, நீங்கள் அசையாமல் இருந்தால் விரைவிலேயே தலையை நீட்டும்.

தொடாதீர்கள், நிற்காதீர்கள், எடுக்காதீர்கள் என்று நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். பவளம் என்பது கல் அன்று. கல்லின் மேல் தோலாகப் படர்ந்திருக்கும் சிற்றுயிர்களின் குடியிருப்பு. ஒரு கால் அழுத்தினால் பல ஆண்டு வளர்ச்சி நொறுங்கிவிடும். ஒரு வழிகாட்டி நட்சத்திர மீனைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து ஒரு சிறுமியின் உள்ளங்கையில் வைத்து, படம் எடுத்துக்கொள்ளச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். பெற்றோரும் மகிழ்ந்து சிரித்தார்கள். உங்களிடம் அப்படி யாரேனும் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதற்குப் பெரிய துணிச்சல் தேவையில்லை. சூரிய ஒளித் தடுப்புக் களிம்பில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் போன்ற வேதிப்பொருள்கள் பவளத்துக்குக் கேடு என்று கருதியே ஹவாய் மாகாணம் 2021 முதல் அத்தகைய களிம்புகளின் விற்பனையைத் தடை செய்தது. முழுக்கை நீச்சல் சட்டை அணிந்தால் முதுகுக்குக் களிம்பே தேவைப்படாது.

நிலத்து உயிரினங்களையும் விட்டுவிடாதீர்கள். ஸ்ரீ விஜயபுரத்துக்குத் தெற்கே சிடியா டாப்புவில் மாலை நேரம் மரங்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றால், வேறெங்கும் இல்லாத அந்தமான் மரங்கொத்தியையும் அந்தமான் பாம்புக் கழுகையும் பார்க்க வாய்ப்புண்டு. ராஸ் தீவில் ஆள் கண்டு ஒதுங்காத புள்ளிமான்கள் உங்கள் மகளை மகிழ்விக்கும். ஆனால் அவை ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டவை என்பதையும், வேட்டையாடும் விலங்கு இல்லாத அந்தமான் காடுகளில் பெருகி இளம் மரக்கன்றுகளைத் தின்று தீர்க்கின்றன என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டைவாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவும் ஒருமுறை தண்ணீரில் முகம் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார். அது பாதுகாப்பானதா? முதலைகளைப் பற்றியும் ஏதேதோ கேள்விப்படுகிறோம். ஸ்கூபா பற்றியும் யாரேனும் சொன்னால் நன்று.

மறுமொழி: நகர மருத்துவர்

சேலத்தில் பொது மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். கழுத்தளவு தண்ணீரில் இறங்கியதும் கால்களில் இருக்கும் இரத்தத்தின் ஒரு பகுதி மார்புக்கு ஏறுகிறது. இதயத்தின் வேலை கூடுகிறது. குழாய் வழியே மூச்சு விடுவதும் வழக்கத்தைவிடச் சற்று உழைப்பைக் கேட்கும். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் ஒருவர், மிதவை அங்கியுடன், கால் ஊன்றக்கூடிய மணற்பாங்கான இடத்தில், அமைதியான தண்ணீரில் சிறிது நேரம் முகம் வைத்துப் பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் புறப்படும் முன் அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டி, ஈசிஜி எடுத்து, அவர் ஒப்புதல் தந்த பிறகே இறங்கட்டும். மூச்சு வாங்கினாலோ மார்பில் இறுக்கம் தெரிந்தாலோ அந்தக் கணமே குழாயைக் கழற்றிவிட்டு, நிமிர்ந்து நின்று, கரையேற வேண்டும். குமட்டலுக்கான மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு அதனால் பெரிய பயன் இல்லை. அம்மாவின் மற்ற மாத்திரைகளோடு எது ஒத்துப்போகும் என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கூபாவுக்கும் ஸ்நார்கெலிங்குக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மேற்பரப்பில் மிதந்துவிட்டு அன்றே விமானம் ஏறலாம். காற்றுருளையோடு ஆழத்துக்குச் சென்றவர் உடலில் நைட்ரஜன் கரைந்திருக்கும் என்பதால், ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும், இயன்றால் ஒரு முழு நாளும் காத்திருந்த பிறகே விமானம் ஏற வேண்டும். இது மலைக்கும் பொருந்தும் என்பதை நம் ஊர்க்காரர்கள் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். புதுச்சேரியில் காலையில் ஸ்கூபா செய்துவிட்டு, மாலையில் காரில் நேராக ஏற்காடு ஏறுவது ஆபத்தானது.

மறுமொழி: சேதுச்சீமைக்காரர், அஸ்தம்பட்டி

முதலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தமானில் உவர்நீர் முதலைகள் இருப்பது உண்மை. அலையாத்திக் காடுகளும் கழிமுகங்களும் அவற்றின் வாழிடம். 2010-இல் ஸ்வராஜ் தீவின் ராதாநகர்க் கடற்கரை அருகே ஸ்நார்கெலிங் செய்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலை தாக்கி உயிரிழந்தார். ஆகவே எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், ஓடை கடலில் கலக்கும் இடத்திலும், விடியலிலும் அந்தி மயங்கிய பிறகும் தண்ணீரில் இறங்கக் கூடாது. உயிர்காப்பாளர் விசில் ஊதினால் கேள்வி கேட்காமல் கரையேறுங்கள்.

நான் இராமநாதபுரம் பக்கத்தில் பிறந்து சேலத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் மன்னார் வளைகுடாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட கடல் தேசியப் பூங்கா 1986-இல் அமைக்கப்பட்டது. தீவுகளில் விருப்பம்போல் இறங்க முடியாது. வனத்துறை ஏற்பாடு செய்யும் படகுகளில் மட்டுமே போக வேண்டும். தண்ணீர் அந்தமான் அளவுக்குத் தெளிவாக இராது. ஆனால் சேலத்திலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய பவளக்கடல் அது. அதற்கு வடக்கே பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரமாக, 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. எங்கள் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அதே கடற்பசுதான் அந்தமான் நிக்கோபாரின் மாநில விலங்கும். ஷகீத் தீவைச் சுற்றியுள்ள கடற்புல் வெளிகளில் அது அவ்வப்போது தென்படும். எதிர்பார்த்துப் போகாதீர்கள், தென்பட்டால் படகை நிறுத்தச் சொல்லுங்கள், துரத்தச் சொல்லாதீர்கள்.

அந்த ஷகீத் தீவின் லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரை உங்கள் அம்மாவுக்காகவே அமைந்தது போன்றது. ஓதம் வற்றும் வேளையில் பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். அவற்றில் கடல் அட்டை, நண்டு, சிறு மீன்கள், பவளக் கொத்துகள் ஆகியவற்றைக் குனிந்தே பார்க்கலாம். உள்ளூர் வழிகாட்டியுடன், பிடிப்புள்ள காலணி அணிந்து, வெறும் பாறையில் மட்டும் கால் வைத்து நடக்க வேண்டும். அங்கிருந்து ஒரு துண்டுப் பவளத்தையும் எடுத்து வராதீர்கள். பவளமும் கடல் அட்டையும் கடற்குதிரையும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்றவை. செத்த பவளம் என்றாலும் விமான நிலையச் சோதனையில் சிக்கினால் வழக்குதான்.

கடலாமை முட்டையிடுவதைப் பார்க்க திக்லிபூர் அருகே கலிபூர்க் கடற்கரைக்குப் போவார்கள். பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை, தோல்முதுகு ஆமை ஆகிய நான்கும் முட்டையிட வரும் கரை அது. ஆனால் அது வடக்கே வெகுதூரம், ஜராவா பழங்குடியினர் காப்புக்காட்டின் வழியே நாள் முழுவதும் சாலைப் பயணம். அவ்வழியில் வண்டியை நிறுத்துவதும், அம்மக்களைப் படம் எடுப்பதும், அவர்களுக்கு எதையேனும் கொடுப்பதும் குற்றம். உங்கள் அம்மாவை வைத்துக்கொண்டு அந்தப் பயணம் வேண்டாம். மகளின் ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காத்துவருகிறது. முட்டையிடும் பருவத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் நடக்க அழைத்துச் செல்வார்கள். மார்ச், ஏப்ரலில் குஞ்சு பொரிக்கும் காலத்தில் நீங்கள் சென்னை வழியே திரும்புவதாக இருந்தால், பெசன்ட் நகர்க் கரையில் மாலை வேளையில் குஞ்சுகளைக் கடலில் விடுவதையும் அவள் பார்க்கக்கூடும்.

அம்மாபேட்டைவாசி

ஏப்ரல் என்று முடிவு செய்துவிட்டோம். தேர்வு முடிந்ததும், அஷ்டமியை ஒட்டி ஸ்வராஜ் தீவில் இருக்குமாறு நாட்களை அமைக்கப் பார்க்கிறேன். இன்னும் ஓர் ஐயம். மனைவி மூக்குக்கண்ணாடி அணிபவர். எனக்கு மீசை உண்டு. இரண்டும் இடையூறு என்கிறார்களே?

மறுமொழி: சூரமங்கலம் பயணி

இரண்டும் இடையூறுதான் ஐயா, இரண்டுக்கும் வழி உண்டு. மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் புகாது. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை விட்ட பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். மீசையின் மேல்விளிம்பில் மூக்குக்குக் கீழே சிறிதளவு மழித்துக்கொண்டாலோ, அங்கே வாசலின் தடவிக்கொண்டாலோ கசிவு பெரிதும் குறைந்துவிடும். மூக்குக்கண்ணாடியின் காம்பு விளிம்பைத் தூக்கிவிடும் என்பதால் அதை அணிந்தபடி மாஸ்க் போட முடியாது. பவர் கண்ணாடி பதித்த மாஸ்க்குகள் விற்கின்றன. இரு கண்களுக்கும் தனித்தனி அளவில் கூட வாங்கலாம். கரையில் வாடகைக்குத் தருபவர்களிடம் இவை பெரும்பாலும் இருப்பதில்லை, ஆகவே இப்போதே இணையத்தில் வரவழைத்துவிடுங்கள். வந்ததும் உட்புறக் கண்ணாடியில் பற்பசை தேய்த்துக் கழுவுங்கள். புது மாஸ்க்கில் இருக்கும் எண்ணெய்ப் படலம் போனால்தான் பனி படியாது. பிறகு அம்மா, மனைவி, மகள் மூவரும் வீட்டிலேயே அகன்ற அன்னக்கூடையில் தண்ணீர் நிரப்பி, முகத்தை வைத்து, குழாய் வழியே வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகட்டும். குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் பதறாமல் ஒரே ஊதலில் வெளியேற்றவும் அப்போதே கற்றுக்கொள்ளட்டும். மகளுக்குச் சிறுவர் அளவு மாஸ்க்கே வாங்குங்கள். முகம் முழுவதையும் மூடும் வகை வேண்டாம், அவசரத்தில் சட்டென்று கழற்ற முடியாது.